250 வாட்டுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

2022 பிப்ரவரியில் ஆனந்த் மஹிந்திரா ட்விட்டரில் ஒரு வீடியோவைப் பகிர்ந்தார். சாதாரண சைக்கிளை வெட்டாமல், வெல்டிங் வைக்காமல் மாட்டக்கூடிய ஒரு மோட்டார் கிட். வேகம் 25 கிலோமீட்டர், ஒரு சார்ஜில் 40 கிலோமீட்டர், 170 கிலோ வரை தாங்கும் என்றார் அதைச் செய்தவர். முதலீடு செய்ய வாய்ப்புக் கிடைத்தால் பெருமை என்று மஹிந்திரா எழுத, வீடியோ நாடெங்கும் சுற்றியது. அதே ஆண்டு டிசம்பரில் இன்னொன்று: கிராமத்து இளைஞர் ஒருவர், ஆறு பேர் வரிசையாக உட்காரும் மின்சார வண்டியைச் செய்து ஓட்டிக் காட்டுகிறார். செலவு பத்துப் பன்னிரண்டாயிரம்தானாம். கூட்டம் நெரியும் ஐரோப்பியச் சுற்றுலாத் தலங்களில் இதை டூர் பஸ்ஸாக விடலாமே என்று மஹிந்திரா யோசனை சொன்னார்.

இரண்டுக்கும் ஒரே கைதட்டல்தான். சாலையில் இறங்கினால் இரண்டும் ஒன்றல்ல. முதலாவதைச் சைக்கிள் என்று வாதாடவாவது இடமிருக்கிறது. ஆறு பேரை இழுக்கும் மோட்டாரை மாட்டிய வண்டிக்கு அந்த இடம் அநேகமாக இல்லை. அது நம்பர் பிளேட், ஆர்.சி., இன்சூரன்ஸ், லைசென்ஸ் எல்லாம் வேண்டிய மோட்டார் வாகனம். (ஐரோப்பாவில் அதை டூர் பஸ்ஸாக விடுவது இன்னும் கஷ்டம். அங்கே சான்று இல்லாமல் ஒரு பல்புகூடச் சாலைக்கு வராது.)

மாவட்டச் செய்திப் பக்கங்களில் ‘பெட்ரோல் விலைக்குச் சவால்’ என்று அடிக்கடி வரும் வீட்டுத் தயாரிப்பு மின் சைக்கிள்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கின்றன. எங்கே நிற்கின்றன என்பதைச் செய்தவரே தெரிந்துகொள்வது எப்படி என்பதுதான் இந்த அத்தியாயம்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 2(28): சாலையில் ஓட்டத்தக்கதாக அமைந்து, இயந்திர சக்தியால் நகரும் எதுவும் மோட்டார் வாகனம். நான்குக்குக் குறைவான சக்கரமும் 25 சிசிக்கு மிகாத இன்ஜினும் கொண்டவற்றுக்கு விலக்கு உண்டு. மின் மோட்டாருக்கு ஏது சிசி? அந்தக் குறையை மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989 நிரப்புகின்றன. அதன் 2-ஆம் விதியின் ‘யு’ உட்பிரிவு, பேட்டரி வண்டி எப்போது மோட்டார் வாகனம் ஆகாது என்று சொல்கிறது: மோட்டாரின் முப்பது நிமிடத் திறன் 250 வாட்டுக்குள், உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள். பெடல் மிதிக்கும்போது உதவும் மோட்டார் என்றால், வேகம் ஏற ஏற உதவி குறைந்து, 25-ஐத் தொட்டதும், அல்லது மிதிப்பதை நிறுத்தியதும் அறுந்துபோக வேண்டும். நல்ல பிரேக், முன்னால் வெள்ளை ரிஃப்ளெக்டர், பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர்.

இதுவரை படிப்பவர் நிம்மதிப் பெருமூச்சு விடுவார். இணையத்தில் இந்த விதியை விளக்கும் கட்டுரைகளும் பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடுகின்றன. விதியில் இன்னொரு நிபந்தனை உண்டு: இந்த எண்களையெல்லாம் 126-ஆம் விதியில் பெயர் சொல்லப்பட்ட சோதனை நிறுவனம் ஒன்று சரிபார்த்து அங்கீகரித்திருக்க வேண்டும். புணேயில் ஏஆர்ஏஐ, ஹரியாணாவின் மானேசரில் ஐகேட், சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் ஜிஏஆர்சி போன்றவை அந்தப் பட்டியலில் இருப்பவை. இவை ஒரு மாடலைத் தயாரித்து ஆயிரக்கணக்கில் விற்கப்போகும் கம்பெனிக்காக அமைந்தவை. தன் பழைய ஹீரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒருவர் ஒரகடம் கேட்டில் போய் நிற்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

எனவே வீட்டில் செய்தவர் எண்களைச் சரியாக வைத்துக்கொள்ளலாம், காகிதம் கிடைக்காது. எழுத்துக்கு எழுத்து படித்தால், 200 வாட் மோட்டாரோடு 20 கிலோமீட்டரில் போகும் பால்காரரின் சைக்கிளும் விலக்குக்கு வெளியேதான். சரி, மோட்டார் வாகனமாகவே பதிவு செய்துவிடலாம் என்றால், ஆர்டிஓ அலுவலகம் டீலர் தரும் படிவம் 21-ஐயும் தயாரிப்பாளர் தரும் படிவம் 22-ஐயும் கேட்கும். அவற்றையும் வீட்டில் எழுதிக்கொள்ள முடியாது. பிரிட்டனில் ஒற்றை வண்டியாகச் செய்தவரும் அதைச் சோதனைக்குக் கொண்டுபோய் ஒப்புதல் வாங்க ‘மோட்டார்சைக்கிள் ஒற்றை வாகன ஒப்புதல்’ என்று ஒரு திட்டமே இருக்கிறது. இங்கே அப்படி ஒரு கதவு இல்லை என்பது விதியின் குறை. செய்பவரின் குற்றம் அல்ல. 2019-இல் சேர்க்கப்பட்ட 2பி பிரிவு, புதுமையை ஊக்குவிக்கச் சில வகை வண்டிகளுக்கு மத்திய அரசு விலக்குத் தரலாம் என்கிறது. அது அரசு பார்த்துத் தர வேண்டியது. தனியாள் எடுத்துக்கொள்ள முடியாது.

நடைமுறை வேறு. நம்பர் பிளேட் இல்லாமல், பெடலோடு, சைக்கிள் வேகத்தில் போகும் ஒன்றை நிறுத்திச் சான்றிதழ் கேட்பதைச் சாலையில் காண்பது அரிது. அதிகாரியின் கண் வேகத்தின் மேல்தான். ஆகவே காகிதம் இல்லாதவருக்கு இருக்கும் ஒரே பிடிமானம் எண்கள். விபத்தோ வழக்கோ வந்தால், ‘விதி சொன்ன அளவுக்குள்தான் இருந்தேன்’ என்று காட்ட முடிவதற்கும் முடியாததற்கும் இடையே வெகு தூரம்.

அந்த எண்களை எங்கே பார்ப்பது? மோட்டாரின் மேல் ஒட்டியிருக்கும் ‘250 வாட்’ ஸ்டிக்கரை நம்ப வேண்டாம். கன்ட்ரோலரைத் திருப்பிப் பார்க்க வேண்டும். 36 வோல்ட், அதிகபட்சம் 15 ஆம்பியர் என்று அதில் இருந்தால், பெருக்கினால் 540 வாட். வெப்பமாக வீணாவதைக் கழித்தாலும் சக்கரத்துக்கு 400 வாட்டுக்கு மேல் போகிறது. மேடு ஏறும் சில நொடிகளுக்கு இது போனால் தப்பில்லை, ஏனென்றால் விதி கேட்பது அரைமணி நேரம் தாக்குப்பிடிக்கும் திறனை. அரைமணி நேரமும் அதே 15 ஆம்பியரில் சூடாகாமல் ஓடும் மோட்டாருக்கு 250 என்ற ஸ்டிக்கர் வெறும் அலங்காரம். 7 ஆம்பியருக்குக் கட்டுப்படுத்திய கன்ட்ரோலர் வாங்கினால் இந்தச் சிக்கலே இல்லை. பேட்டரியும் அதிக நாள் உழைக்கும்.

வேகக் கணக்கு இன்னும் எளிது. 26 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றில் சுமார் 2.07 மீட்டர் போகும். மணிக்கு 25 கிலோமீட்டர் என்றால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 200 சுற்று. ‘328 ஆர்பிஎம்’ என்று போட்ட ஹப் மோட்டாரை 26 அங்குல ரிம்மில் கோத்தால், ஸ்டாண்டில் தூக்கி வைத்துப் பார்க்கும்போது 40-ஐத் தாண்டும். ஆள் ஏறி உட்கார்ந்ததும் காற்றும் எடையும் சேர்ந்து அது குறையும், ஆனாலும் 25-க்குள் வராது. சின்னச் சக்கரத்துக்கு அதே மோட்டார் சரியாக இருக்கலாம். கிட் வாங்கும்போது சக்கர அளவைச் சொல்லிக் கேட்காதவர்கள் அதிகம். கேட்டாலும் பதில் தெரியாத கடைக்காரர்களும் உண்டு.

கேரியருக்குக் கீழே மாட்டிச் செயினில் இழுக்கும் 24 வோல்ட் கியர் மோட்டார்தான் மலிவு என்பதால் இங்கே நிறையப் பேர் அதில்தான் தொடங்குகிறார்கள். அதில் வேகத்தைத் தீர்மானிப்பது ஸ்ப்ராக்கெட் பல் எண்ணிக்கை. பின்சக்கரத்தில் பெரிய பல் சக்கரம் போட்டால் வேகம் குறைந்து இழுவை கூடும். சட்டத்துக்கும் அதுதான் நல்லது, மேம்பாலத்துக்கும் அதுதான் நல்லது.

இனி ஒரு வெள்ளை ஒயர். பல சீனக் கன்ட்ரோலர்களின் கொத்துக் கொத்தான ஒயர்களுக்கு நடுவே, ஒன்றோடொன்று சொருகிய இரண்டு மெல்லிய ஒயர்கள் தனியாகத் தொங்கும். பெரும்பாலும் வெள்ளை. சொருகியிருந்தால் வேகக் கட்டுப்பாடு உண்டு, பிடுங்கினால் போய்விடும். இரண்டு நொடி வேலை, ஸ்க்ரூடிரைவர்கூட வேண்டாம். மெக்கானிக் ‘கொஞ்சம் ஓப்பன் பண்ணி விடட்டுமா’ என்று கேட்பது பெரும்பாலும் இதைத்தான். ஹேண்டில்பாரில் டிஸ்பிளே உள்ள கிட்டுகளில் இன்னொரு வழி: செட்டிங்கில் சக்கரத்தைச் சின்னதாகக் காட்டிவிடுவது. 26 அங்குலச் சக்கரத்தை 20 என்று பதிந்தால், நிஜத்தில் 32 போகும்போதும் டிஸ்பிளே 25 என்றே காட்டும். மூன்றாவது, 36 வோல்ட் மோட்டாருக்கு 48 வோல்ட் பேட்டரி கொடுப்பது; வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடும். ஓட்டுபவர் செய்யும் ‘சின்ன மாற்றம்’ என்பவை பெரும்பாலும் இந்த மூன்றுதான். மூன்றும் வண்டியைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிடும்.

அந்தப் பக்கம் போனால் ஒரு பிரிவு மட்டும் வருவதில்லை, கூட்டமாக வரும். பதிவு செய்யாத வண்டியை ஓட்டியதற்கு 192: முதல் முறை 2,000 முதல் 5,000 ரூபாய் வரை. இன்சூரன்ஸ் இல்லாததற்கு 196: 2,000 ரூபாய் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். லைசென்ஸ் இல்லை என்றால் 181: 5,000. ஹெல்மெட் இல்லை என்றால் 194டி: 1,000. பதிவோ லைசென்ஸோ இல்லாத வண்டியைப் பிடித்து வைக்க 207 அதிகாரம் தருகிறது. ஓட்டியது பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளை என்றால் 199ஏ வரும்; அது பெற்றோரைப் பிடிக்கும். 25,000 ரூபாயும் மூன்று ஆண்டு வரை சிறையும். பள்ளிக்கூடம் போகப் பையனுக்கு அப்பா செய்து கொடுத்த சைக்கிள் 40 கிலோமீட்டர் ஓடுகிறது என்று பெருமையோடு வீடியோ போடுகிறவர்கள் இந்தப் பிரிவை ஒருமுறை படித்துவிடுவது நல்லது. அந்த வீடியோ சாட்சியும்கூட.

அபராதம் கட்டி முடிந்துபோகிற விஷயம். இன்சூரன்ஸ் அப்படி அல்ல. மோட்டார் வாகனம் என்று ஆகிவிட்ட வண்டி ஒருவரை இடித்தால், இழப்பீட்டு வழக்கு மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போகும். சாதாரண வழக்கில் தொகையைக் கட்ட இன்சூரன்ஸ் கம்பெனி இருக்கும். பதிவே இல்லாத வண்டிக்கு எந்தக் கம்பெனியும் பாலிசி தந்திருக்காது. காயம்பட்டவர் குடும்பத்தைத் தாங்குபவர் என்றால் தொகை லட்சக்கணக்கில் ஏறும்; அது முழுவதும் சைக்கிளின் சொந்தக்காரர் தலையில். கண்மூடித்தனமாக ஓட்டியதற்கு பாரதிய நியாய சம்ஹிதையின் 281-ஆம் பிரிவு தனி. அது மிதி சைக்கிளுக்கும் பொருந்தும் என்பது பலருக்குத் தெரியாது.

விற்பவருக்குச் சட்டம் இன்னும் கடுமை காட்டுகிறது, காட்டவும் வேண்டும். 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, விதிக்குப் பொருந்தாத வண்டியை விற்கும் தயாரிப்பாளருக்கோ டீலருக்கோ ஒரு வண்டிக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். பதிவு பெற்ற வண்டியை விதிக்குப் புறம்பாக மாற்றி அமைக்கும் சொந்தக்காரருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். தயாரிப்பாளர் தந்த அடிப்படை அமைப்பிலிருந்து விலகி வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் ஜெயச்சந்திரா வழக்கில் 52-ஆம் பிரிவுக்கு விளக்கம் சொல்லியிருக்கிறது. கேரளத்திலிருந்து போன வழக்கு அது.

கேரளம் இந்த விஷயத்தில் சும்மா இருக்கும் மாநிலம் அல்ல. 2023 மே மாதம் அங்கே மோட்டார் வாகனத் துறையினர் மின் ஸ்கூட்டர் ஷோரூம்களில் இறங்கிச் சோதனை போட்டார்கள். 250 வாட், 25 கிலோமீட்டர் என்று சான்று வாங்கிய வண்டிகள், விற்கும்போது கூடுதல் பவரோடு 40-ஐத் தாண்டி ஓடும்படி மாற்றப்பட்டிருந்தன. லைசென்ஸ் வேண்டாம், பதிவு வேண்டாம் என்று சொல்லியே அவை விற்கப்பட்டன. அதற்கு ஓராண்டு முன்பே மகாராஷ்டிரத்திலும் போக்குவரத்து ஆணையர் இப்படி மாற்றிய வண்டிகள்மேல் நடவடிக்கைக்கு உத்தரவிட்டிருந்தார். சாலையில் ஒவ்வொருவராக நிறுத்துவதைவிட ஷோரூமில் ஒயரைத் தேடுவது புத்திசாலித்தனம். வாங்கியவர்களில் பலர் டீலர் சொன்னதை நம்பியவர்கள். தாங்கள் ஓட்டுவது பதிவில்லாத மோட்டார் வாகனம் என்பது அவர்களுக்குத் தெரியவே தெரியாது.

பேட்டரிக்குத் தனி அத்தியாயம் இருக்கிறது. சட்டத்தைத் தொடும் இடம் மட்டும் இங்கே. 2022 மார்ச்சில் வேலூரில் இரவு வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்து அப்பாவும் மகளும் இறந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் செகந்திராபாத்தில், ஒரு ஓட்டலின் கீழ்த்தளத்தில் இருந்த மின் ஸ்கூட்டர் ஷோரூமில் தொடங்கிய தீயில் எட்டுப் பேர். இவற்றையொட்டி ஏஐஎஸ்-156 என்னும் பேட்டரித் தரவிதி திருத்தப்பட்டு, 2022 டிசம்பரிலிருந்து கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வந்தது. பதிவு பெறும் மின் வண்டிகளுக்கு அது பொருந்தும். பழைய லேப்டாப்பிலிருந்து உருவிய 18650 செல்களை வீட்டில் ஸ்பாட் வெல்டிங் செய்து கட்டிய பேக்கை எந்தத் தரவிதியும் பார்ப்பதில்லை. நியூயார்க் நகரம் இதைத்தான் நேரடியாகப் பிடித்தது. 2023-இல் அங்கே லித்தியம் பேட்டரித் தீயில் 18 பேர் இறந்தார்கள். உணவு டெலிவரி செய்பவர்களின் சைக்கிள் பேட்டரிகள் அடுக்குமாடிகளில் வெடித்தன. அந்த ஆண்டே, சான்று பெறாத மின் சைக்கிளையும் பேட்டரியையும் விற்பதற்கும், பயன்படுத்திய செல்களை மறுபடி கட்டி விற்பதற்கும் தடை வந்தது.

வெளிநாட்டில் வேலைக்கோ படிப்புக்கோ போகும் வாசகர்கள் இங்கத்தியப் பழக்கத்தை மூட்டை கட்டிப் போக வேண்டாம். சிங்கப்பூரில் மின் சைக்கிளுக்கு ஆக்சிலேட்டரே கூடாது. மிதித்தால்தான் மோட்டார் ஓட வேண்டும். எடை 20 கிலோவுக்குள், நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஆரஞ்சு நிற முத்திரை, நம்பர் பிளேட், ஓட்டுபவருக்கு 16 வயது, 2022 முதல் எழுத்துத் தேர்வு. கிட் மாட்டிய சைக்கிளுக்கு அங்கே இடமில்லை. பிரிட்டனில் மிதித்தால் மட்டும் இயங்கும் கிட்டை வீட்டிலேயே மாட்டிக்கொள்ளலாம், 250 வாட்டும் மணிக்கு 15.5 மைலும் தாண்டாதவரை. தாண்டினால் இன்சூரன்ஸ் இல்லாத மோட்டார் வாகனம்: 300 பவுண்டு, லைசென்ஸில் ஆறு புள்ளி, வண்டி பறிமுதல். டெலிவரி வேலை பார்க்கும் மாணவர்கள் பலர் மாட்டிக்கொள்வது இதில்தான். நெதர்லாந்து போலீஸ் வாதாடுவதே இல்லை. சைக்கிளை உருளை பெஞ்சில் ஏற்றி முறுக்கிப் பார்க்கிறார்கள், எண் தானாகத் தெரிந்துவிடுகிறது.

இங்கே அப்படிப்பட்ட கருவி இல்லாததால், நிறுத்தும் அதிகாரிக்கும் ஓட்டுபவருக்கும் இடையே பேச்சுதான் சோதனை. ‘இது சைக்கிள்தான் சார், லைசென்ஸ் வேண்டாம்’ என்று குரலை உயர்த்துவதால் பயனில்லை. சான்று இல்லாத வண்டி என்பதால் சட்டப்படி அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. கிட் வாங்கிய பில், கன்ட்ரோலரின் ஆம்பியர் தெரியும் போட்டோ, மோட்டாரின் ஆர்பிஎம் அச்சிட்ட தாள் மூன்றும் செல்போனில் இருக்கட்டும். முன்னும் பின்னும் ரிஃப்ளெக்டர், வேலை செய்யும் இரண்டு பிரேக், பிரேக் பிடித்தால் மோட்டாரை அறுக்கும் லீவர், மிதிக்க முடிகிற பெடல் ஆகியவை வண்டியில் இருந்தால், பேச்சு பெரும்பாலும் எச்சரிக்கையோடு முடியும். பெடலைக் கழற்றிவிட்டுக் கால் வைக்கும் கம்பி மாட்டியவருக்கு அந்தச் சலுகை கிடைப்பது கஷ்டம்.

பிடித்து வைத்துவிட்டால், எந்தப் பிரிவில் என்று எழுதிய ரசீதைக் கேட்டு வாங்க வேண்டும். 207 என்றால் வண்டியை விடுவிக்க உரிமைக்கான ஆவணம் கேட்பார்கள். சைக்கிளின் பில்லும் கிட்டின் பில்லும் இங்கேதான் உதவும். பேட்டரி கழற்றக்கூடியதாக இருந்தால், ரசீதில் குறித்துக்கொண்டு அதை எடுத்துப்போக அனுமதி கேட்கலாம். ஸ்டேஷன் வாசலில் சில மாதம் வெயிலில் கிடந்த லித்தியம் பேக் அடிமட்டத்துக்கு வடிந்துபோயிருக்கும். அப்படித் திரும்பி வந்ததை வீட்டுக்குள் வைத்துச் சார்ஜ் போடக் கூடாது.